வாத்தியார் கம்பெனி, பாய் கம்பெனி

அன்புள்ள நித்யா, கார்த்தி இருவருக்கும்,

போன வாரம் நித்யா வாட்ஸப்பில் கேட்டிருந்தாள்: "எங்க கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கிடுச்சுப்பா. ஷேர் ஏறுது. அப்போ நல்லதுதானே?" கார்த்தி அதற்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். நானும் தூக்கியிருப்பேன். ஆனால் ஷேர் ஆபீசில் வேலை பார்த்தவனுக்கு விரலைத் தூக்குவது அவ்வளவு சுலபமில்லை. பதிலைப் போனில் தட்டினால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

நான் பிளஸ் டூ வரை படித்தவன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். அந்தத் தகுதியில்தான் திருவாரூரில் ஷேர் புரோக்கர் கிளையில் சேர்ந்தேன். டெர்மினல் என்ற பங்குச்சந்தைக் கணினியை ஓட்ட ஒரு தேர்வு வைத்தார்கள், இரண்டாவது தடவையில் தேறினேன். பயிற்சிக் கதை அவ்வளவுதான். வாங்குவதற்கு ஒரு விசையைத் தட்டினால் திரையில் நீலப் பெட்டி வரும், விற்பதற்கு இன்னொன்றைத் தட்டினால் சிவப்புப் பெட்டி வரும். இந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான் உங்கள் இருவரையும் படிக்க வைத்தேன்.

எங்கள் மேனேஜர் கனகசபை சார் மாயவரத்துக்காரர். வெயிலோ மழையோ, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். 'ஏறும்', 'இறங்கும்' என்ற இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தப்பித் தவறிக் கருத்து சொல்லி, யாராவது அதை நம்பி நஷ்டப்பட்டு, தலைமை அலுவலகத்துக்குப் புகார் போய்விடுமோ என்று அவ்வளவு பயம். ஒரு நாள் வாசலில் நின்று, "மழை வருமா சார்?" என்று கேட்டேன். வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "வாய்ப்பு இருக்குங்க சேகர். உங்க சொந்தப் பொறுப்புல குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

ஆர்டர் வாங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாடிக்கையாளர் பங்கின் பெயரைச் சொல்ல வேண்டும். வாங்குவதா விற்பதா என்று சொல்ல வேண்டும். எத்தனை, என்ன விலை என்றும் அவரே சொல்ல வேண்டும். பிறகு நான் அத்தனையையும் அவருக்கே திருப்பிச் சொல்வேன். அவர் 'ஆமா' என்ற பிறகுதான் என் விரல் விசையில் படலாம். 'ம்' செல்லாது. 'சரி' செல்லாது. தலையாட்டல் செல்லவே செல்லாது. "தலையாட்டுறது கல்யாண வீட்டுக்குத்தாங்க சரி. இங்க 'ஆமா' வேணும்" என்பார்.

கூடத்தில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில் பங்குகளின் பெயரும் விலையும் வரி வரியாக இருக்கும். அதன் எதிரே நீளமான பெஞ்சுகள். சந்தை திறக்கும்போது வந்து மூடும்போது போகிறவர்கள் அங்கே பலர் உண்டு. அவர்களில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் சாமிநாதன் வாத்தியார். ஓய்வு பெற்ற கணக்காசிரியர். குடவாசல் பக்கம் அவருக்குப் பரம்பரை நிலம் கொஞ்சம் இருந்தது. அதை மாரிமுத்து என்பவர் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். அவரை எழுப்பிவிட வாத்தியார் தன் சர்வீஸ் காலம் முழுக்க முயற்சி செய்தார். முடியவில்லை. குத்தகைதாரர் என்று பெயர் பதிவாகிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது, நிலம் வேறு கைக்கு மாறினாலும் குத்தகைக்காரர் நிலத்தோடுதான் இருப்பார். அந்த வழக்கு மன்னார்குடியில் நடந்தது. வாய்தா அன்று மாரிமுத்து குடவாசலிலிருந்து திருவாரூர் வந்து பஸ் மாறுவார். வாத்தியாரும் அதே பஸ்ஸில்தான் ஏறுவார். வாதியும் பிரதிவாதியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். ஒரு வாய்தாவுக்கு வாத்தியார் டிக்கெட் எடுத்தால் அடுத்ததற்கு மாரிமுத்து எடுப்பார்.

மற்றவர் ரஹீம் பாய். கூத்தாநல்லூர்க்காரர். துபாயில் பல வருஷம் கடையில் நின்று சம்பாதித்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மன்னார்குடி பஸ் அவர் ஊர் வழியாகத்தான் போகும். அதனால் வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகப் போகும் காட்சியை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

வாத்தியார் பணம் போட்டிருந்தது ஒரு பெரிய சாப்ட்வேர் கம்பெனியில். பாய் போட்டிருந்தது அதற்குப் போட்டியான சின்னக் கம்பெனியில். பெயர்கள் வேண்டாம். நாங்களும் பெயர் சொன்னதில்லை, 'வாத்தியார் கம்பெனி', 'பாய் கம்பெனி' என்றுதான் சொல்வோம். பாய் அந்தக் கம்பெனியில் பணம் போட ஒரே ஒரு காரணம்தான். அவருடைய மகன் யாசர் பெங்களூரில் அங்கே வேலை பார்த்தான்.

அந்தக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. விலை இறங்க இறங்க பாய் வாங்கிக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு பாய் மறுபடி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கம்பெனி கஷ்டத்துல இருக்கு சேகரு. நம்ம கையில இருக்குறதைக் குடுத்தா சம்பளம் போடுவான்ல?"

"இந்தப் பணம் கம்பெனிக்குப் போகாது பாய். பங்கை எவன் விக்கிறானோ அவனுக்குத்தான் போகும்."

பாய் பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். "விக்கிறது யாரு? இங்க உள்ள ஆளா?"

"என்னப் பாக்காதீங்க பாய்" என்றார் வாத்தியார். "உங்க கம்பெனிய நான் வாங்கினாத்தானே விக்கிறதுக்கு!"

திரையில் இந்த இரண்டு கம்பெனிகளையும் அடுத்தடுத்த வரிகளில் வைக்கச் சொல்லி இருவரும் கேட்டிருந்தார்கள். வைத்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு வெற்று வரி விடச் சொன்னார் வாத்தியார். "பக்கத்து வயல்னா நடுவுல வரப்பு இருக்கணும் சேகர். இல்லன்னா அவரு தண்ணி என் பக்கம் வந்துரும்" என்றார். அன்றிலிருந்து அந்த வெற்று வரிக்கு வரப்பு என்றே பெயர்.

கூடத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. எவர் பங்கு நன்றாக ஏறுகிறதோ, அவர் எல்லோருக்கும் எங்கள் மாடிக்குக் கீழே இருந்த கடையிலிருந்து பருப்பு வடை வாங்கித் தர வேண்டும். இறங்கியவர் முதல் வடையை எடுக்க வேண்டும். ஆறுதலுக்காம்.

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் செய்தி வந்தது. வாத்தியார் கம்பெனி பாய் கம்பெனியை வாங்குகிறது.

முதலீட்டாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பத்திரிகையில் போடுவார்களே, அதை நான் அந்தப் பெஞ்சிலேயே பார்த்தேன். வாங்கப்பட்ட கம்பெனியின் பங்கு எகிறியது. சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்களே, அதனால். வாங்கிய கம்பெனியின் பங்கு சரிந்தது. நொடித்துப்போனதை இவ்வளவு கொடுத்தா வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் கோபம். ஆக, நன்றாக நடந்த கம்பெனியில் பணம் போட்டவருக்கு நஷ்டம், மூழ்கப்போன கம்பெனியில் போட்டவருக்கு லாபம். வடை வாங்கித் தந்தவர் பாய். முதல் வடையை எடுத்தவர் வாத்தியார்.

"வரப்ப வெட்டிடு சேகரு! ரெண்டும் ஒரே வயலாப் போச்சு" என்று கூடமே சிரித்தது. நானும் வேடிக்கைக்கு நடுவில் இருந்த வெற்று வரியை எடுத்துவிட்டேன். இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"மடத்தனம் சார் இது" என்று கனகசபை சாரிடம் முறையிட்டார். "வயல வாங்குறவன் முதல்ல என்ன பாப்பான்? உள்ள குத்தகைக்காரன் இருக்கானான்னு பாப்பான். இவன் உள்ள ஆயிரக்கணக்குல ஆளுங்க இருக்குற நிலத்தைப் போயி வாங்கியிருக்கான். அத்தன பேரையும் எப்ப எழுப்பி, எப்ப லாபம் பாக்குறது? நான் ஒருத்தர எழுப்ப முடியாம நாயா அலையுறேன்!"

"அது உங்க கருத்துங்க சார்" என்றார் கனகசபை சார்.

பாய் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் ஒரு கவலை இருந்தது. வாத்தியார் பேசப் பேச அது கரைந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப கம்பெனி கை மாறினாலும் உள்ள இருக்குறவங்க அப்படியேதான் இருப்பாங்க, இல்லையா சார்?"

"அசைக்க முடியாது பாய். அதுதான் என் தலைவலியே!"

ஒருவருக்குத் தலைவலியாக இருந்த விஷயம் மற்றவருக்கு மருந்தாகிவிட்டது. அவர்கள் பேசியது எனக்கும் சரியாகத்தான் பட்டது. கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நிலம் கை மாறுவதைத் தவிர வேறு எது கை மாறியும் நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாய்க்கு யாசரிடமிருந்து போன் வந்தது. பாய் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அத்தா, சென்னையில ஒரு கம்பெனில கூப்புடுறாங்க. இங்க என்ன ஆகும்னே தெரியல. போயிடவா?"

"சம்பளம் கூடவா?"

"கொஞ்சம் கம்மிதான்."

"கம்மின்னா எதுக்குப் போறே? நிக்காஹ்வுக்கு நாள் குறிச்சிருக்கு. பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"இங்க தூக்கிட்டாங்கன்னா?"

பாய் நிமிர்ந்து கனகசபை சாரைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. புள்ள போகட்டுமா, இருக்கட்டுமா?"

கனகசபை சார் கைப் பொத்தானைத் தடவிக்கொண்டார். "நாங்க கருத்து சொல்லக் கூடாதுங்க பாய்."

"இது ஷேர் இல்ல சார். என் புள்ள."

"இருந்தாலும், அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்டதுங்களே" என்றார் சார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

வாத்தியார் கையை நீட்டினார். "போனை இங்க குடுங்க பாய்." வாங்கிக்கொண்டார். "தம்பி, நான் சாமிநாதன். உங்க அத்தாவோட சிநேகிதன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் பேரு அங்க பதிவுல இருக்கா?"

"எதுல சார்?"

"கம்பெனி பதிவுல."

"ஹெச்.ஆர். போர்ட்டல்ல இருக்கு சார்."

"எத்தன வருஷமா இருக்கு?"

"சேந்ததிலேருந்தே."

"அப்புறம் என்ன! பேரு பதிவானவன ஆண்டவனே வந்தாலும் எழுப்ப முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் உன் பக்கம்தான் நிக்கும். அனுபவத்துல சொல்றேன். நிம்மதியா இரு."

பிறகு யாசர் மெதுவாக, "அத்தா, இவரு வக்கீலா?" என்று கேட்டான்.

"வக்கீலுக்கெல்லாம் மேல. முப்பது வருஷமா கேஸ் நடத்துறாரு" என்றார் பாய்.

யாசர் சென்னைக்குப் போகவில்லை.

அடுத்த சில மாதங்கள் வாத்தியார் கம்பெனியின் பங்கு எழுந்திருக்கவே இல்லை. வாத்தியார் தினமும் வந்து திரையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், "ஆளோட வாங்கிட்டான்" என்பார். பாய் கம்பெனியின் பங்கும் அதே திரையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. முழுவதும் இணைய இன்னும் நாளாகும் என்றார்கள். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பங்கைச் சொன்ன விலைக்கு வாத்தியார் கம்பெனிக்கே கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது பாய் கொடுக்கவில்லை. "புள்ள உள்ள இருக்கும்போது நான் எப்படி வெளிய வர்றது?" என்றார்.

ஒரு நாள் சந்தை திறந்ததுமே வாத்தியார் கம்பெனி தாவி ஏறியது. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவு நாள் கழித்து அப்படி ஏறினால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஏன் ஏறுகிறது என்று கேட்கக்கூட இல்லை, ஜன்னல் வழியாகக் கீழ்க்கடைக்குக் குரல் கொடுத்தார். "எல்லாருக்கும் வடை! சூடா!"

வடை வந்து கைக்குக் கை போன பிறகுதான் டிவியில் செய்தி ஓடியது. வாங்கப்பட்ட கம்பெனியின் ஆட்களில் பெரும்பகுதியினரைக் குறைக்கிறார்கள். அன்று காலையே மின்னஞ்சல் போய்விட்டதாம். செலவு குறைவதை முதலீட்டாளர்கள் வரவேற்றிருக்கிறார்களாம். வரவேற்ற முதலீட்டாளர்களில் ஒருவர் என் எதிரே, பாதி கடித்த வடையோடு, டிவியைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரே காலைலயா?" என்றார் வாத்தியார். "நோட்டீஸ் இல்லாம? வாய்தா இல்லாம?"

அவர் குரலில் இருந்தது வியப்பா பொறாமையா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றும் இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ரஹீம் பாய் படியேறி வந்தார். உள்ளே வந்ததும் எல்லோர் கையிலும் இருந்த வடையைப் பார்த்தார். கூடத்தின் வழக்கம் அவருக்குத் தெரியாதா? திரையைப் பார்க்காமலே யார் பங்கு ஏறியது என்று புரிந்துகொண்டார். வாத்தியார் வடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் அவரிடம் பிடிபட்ட பையன்கள் மறைத்த மாதிரி.

"புள்ள வீட்டுக்கு வர்றான்" என்றார் பாய், பொதுவாக எல்லோரிடமும். பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் வித்துடு சேகரு."

சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. "எத்தனைன்னு நீங்க சொல்லணும் பாய்."

சொன்னார். திரையைப் பார்த்தேன். நோயாளி இளைத்தால் குணமாகிறான் என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்களோ என்னவோ, அவர் கம்பெனிப் பங்கும் அன்று ஏறித்தான் இருந்தது. அத்தனையையும் திருப்பிச் சொன்னேன். பெயர், விற்பனை, எண்ணிக்கை, சந்தை விலை. சொல்லிவிட்டு 'ஆமா'வுக்குக் காத்திருந்தேன்.

பாய் தலையாட்டினார்.

தலையாட்டல் செல்லாது. பின்னால் கனகசபை சார் வந்து நிற்பது தெரிந்தது. 'ஆமா' கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு வேணாமே பாய்" என்றார் சார்.

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

"ஏன் சார்? நாளைக்கு ஏறுமா?"

"அது தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு வேணாங்குறீங்க?"

சார் கைப் பொத்தானைத் திருகினார். "சும்மா உட்காருங்க பாய். ஒரு டீ சாப்பிடுங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

பாய் அவரைப் பார்த்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது. "ஆமா" என்றார் என்னைப் பார்த்து. தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் விற்றுப்போனது.

"வாங்குனது யாரு?" என்று கேட்டார்.

"தெரியாது பாய். காட்டாது."

வாத்தியார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். "பாய், நான் சொன்னது... நிலத்துக்கு அதுதான் சட்டம். பொய் சொல்லல."

"நீங்க சொன்னது சரிதான் சார். அந்தச் சட்டம் அவங்க ஊருல இல்ல போல" என்றார் பாய். பிறகு தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்தார். இறங்கியவர் முதல் வடை எடுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்காக எடுத்தாரா, பசித்ததா, எனக்குத் தெரியாது. ஒரு கடி கடித்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

யாசரின் நிக்காஹ் தள்ளிப்போனது, நிற்கவில்லை. பெண் வீட்டார் நல்லவர்கள். அவனுக்குச் சென்னையில் வேறு வேலை கிடைக்கப் பல மாதங்கள் ஆனது. முதலில் கூப்பிட்ட கம்பெனி கொடுக்கவிருந்ததைவிடச் சம்பளம் குறைவு.

பாய் ஆபீசுக்கு வருவது அதன் பிறகு குறைந்துவிட்டது. ஒரு தடவை கையெழுத்துப் போட வந்தபோது ஒன்று சொன்னார். மன்னார்குடி பஸ்ஸில் போயிருக்கிறார். வாத்தியாரும் மாரிமுத்துவும் வழக்கம்போல வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று டிக்கெட் மாரிமுத்து முறை. பாய்க்கும் சேர்த்து எடுத்துவிட்டாராம். இறங்கும்போது பாய் மாரிமுத்துவின் தோளைத் தட்டி, "நீங்க நல்ல கம்பெனிலதான் இருக்கீங்க" என்றாராம். மாரிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

இப்போது அந்த ஆபீசும் இல்லை. எல்லோரும் கைபேசியிலேயே வாங்கி விற்கிறார்கள். யாரும் யாரிடமும் 'ஆமா' சொல்ல வேண்டியதில்லை.

நித்யா, ஷேர் ஏறுகிறது, நல்லதுதானே என்று கேட்டாய். ஷேர் வாங்கினவர்களுக்கு நல்லது. உனக்கு நல்லதா என்று அந்த விலையைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் வேறு கம்பெனி எதுவும் உன்னைக் கூப்பிட்டால், சம்பளம் கொஞ்சம் கம்மி என்றாலும், என்னிடம் சொல்லாமல் விட்டுவிடாதே. கனகசபை சாரிடம் வேலை பார்த்தவன் நான். இவ்வளவு சொன்னதே எனக்கு அதிகம்.

அந்த வடை நாளில் நடந்த இன்னொன்று பாக்கி இருக்கிறது. சந்தை மூடியது. வாத்தியார் போய்விட்டார். கனகசபை சார் கைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினார். நான் தனியாக இருந்தேன். பாய் கடித்து வைத்த வடையைக் காகிதத்தில் சுருட்டிக் கூடையில் போட்டேன். பெரிய திரையை அணைக்கப் போனபோது அந்த இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு நின்றது கண்ணில் பட்டது. நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, இரண்டுக்கும் நடுவில் பழையபடி ஒரு வெற்று வரியைச் சேர்த்தேன். பிறகு திரையை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.